மல்டிபேண்ட் கைரேடியோ வாங்கப் போகிறீர்களா? ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

எல்லா வசதிகளோடும் வாங்கினால், பல அலைவரிசைப் பட்டைகளில் (பேண்டுகளில்) பேசும் ஒரு மல்டிபேண்ட் கைரேடியோ ஐந்தாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் டாலர் வரை போகிறது. இருபது பேர் உள்ள ஒரு சின்ன தீயணைப்பு நிலையத்தில் ஆளுக்கு ஒன்று வாங்கினால் அது கிட்டத்தட்ட ஒரு வண்டியின் காசு. அமெரிக்காவில் தன்னார்வத் தீயணைப்பு நிலையங்களிலும் ஆம்புலன்ஸ் குழுக்களிலும் இருக்கும் நம்மவர்கள் யாராவது கொள்முதல் குழுவில் உட்கார நேர்ந்தால் எதிலிருந்து தொடங்குவது, எதைக் கேட்பது, விற்பனையாளர் காட்டுவதில் எதை ஒதுக்கித் தள்ளுவது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கம்பெனி கையேடுகளை முதலில் மூடி வையுங்கள். ஒரு வரைபடத்தை எடுத்து, கடந்த சில வருடங்களில் உங்கள் வண்டிகள் எல்லை தாண்டி எங்கெல்லாம் போயின, உங்களுக்கு உதவி என்றால் யார் வருகிறார்கள், அவர்கள் எந்த பேண்டில், அனலாகிலா டிஜிட்டலிலா பேசுகிறார்கள் என்று அதிலேயே எழுதுங்கள். இந்த வேலையைச் செய்யாமல் ரேடியோவை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. ஏனென்றால் மல்டிபேண்ட் ரேடியோ என்பதே பக்கத்து ஊர்க்காரரோடு பேச முடியாமல் போன பிரச்சினைக்காக வந்த பொருள்.

அந்தப் பிரச்சினை எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை. பொதுப் பாதுகாப்புக்கு அலைவரிசையை அரசு ஒரே நேரத்தில் மொத்தமாகக் கொடுக்கவில்லை, துண்டு துண்டாகக் கொடுத்தது. முதலில் 50 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள லோ பேண்ட். பிறகு விஎச்எஃப், அதாவது 150 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது. அப்புறம் 450ஐ ஒட்டிய யுஎச்எஃப். நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், பாஸ்டன் மாதிரி பதினோரு பெருநகரங்களில் 470 முதல் 512 வரையுள்ள டி-பேண்ட். அதன்பின் 800. கடைசியாக, டிவி ஒளிபரப்பு 2009ல் டிஜிட்டலுக்கு மாறியபோது காலியான சேனல்களிலிருந்து 700. யார் எந்தக் காலத்தில் காசு சேர்த்து சிஸ்டம் கட்டினார்களோ அந்தக் காலத்து பேண்டிலேயே தங்கிவிட்டார்கள். டிஜிட்டல் ரேடியோவுக்கு பி25 என்ற பொதுத் தரம் வந்தும் இது தீரவில்லை. இரண்டு பேரும் பி25 பேசினாலும் ஒருவர் விஎச்எஃபிலும் இன்னொருவர் 800லும் இருந்தால் ஒரு பேண்ட் ரேடியோவில் ஒன்றும் கேட்காது.

கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஒரு இடத்தை எடுத்துக்கொள்வோம். கொலராடோவின் வடக்கு ஓரம், லாரிமர் கவுண்டி. அங்கே மாநில டிஜிட்டல் ட்ரங்க்கிங் சிஸ்டம் (பொதுவான சில சேனல்களைக் கணினியே பேசுகிறவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டவர் வலை) 700/800ல் இருக்கிறது. எல்லையைத் தாண்டி வயோமிங் போனால் அவர்களுடைய மாநில சிஸ்டமான வயோலிங்க் பெரும்பாலும் விஎச்எஃப் பி25. இரண்டுக்கும் நடுவில் காடு, அது மத்திய அரசின் வனத்துறையான ஃபாரஸ்ட் சர்வீஸ் கையில். அவர்கள் விஎச்எஃபில் சாதாரண அனலாக் எஃப்எம் பேசுகிறார்கள். 2020 செப்டம்பரில் முல்லன் தீ வயோமிங்கில் மெடிசின் போ காட்டில் பிடித்து எல்லை தாண்டி கொலராடோவுக்குள் வந்தது. அதே வருடம் லாரிமர் கவுண்டியில் எரிந்த கேமரன் பீக் தீ இரண்டு லட்சம் ஏக்கரைத் தாண்டி, அந்த மாநிலத்தில் பதிவான தீக்களிலேயே பெரியதாகிவிட்டது. அந்தப் பக்கத்தில் ஒரு தீயணைப்பு வீரருக்கு ஒரே வாரத்தில் மூன்று விதமான ரேடியோ தேவைப்படலாம். அவருக்கு விஎச்எஃபும் 700/800ம் உயிர், யுஎச்எஃப் பேண்டை அவர் ஒரு தடவைகூடத் தொடாமல் போகலாம். நியூயார்க்கில் இருப்பவருக்குக் கணக்கு தலைகீழ், யுஎச்எஃப் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. "எல்லா பேண்டும் உண்டு" என்ற விளம்பரத்துக்கு மயங்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். பல மாடல்களில் பேண்டுகள் தனித்தனி லைசென்ஸாக விற்கப்படுகின்றன, இப்போது இரண்டை வாங்கிக்கொண்டு மூன்றாவதைப் பிறகு திறந்துகொள்ள முடியுமா, அப்போது என்ன விலை என்று கேளுங்கள். எல்லா பேண்டும் என்று சொல்லும் ரேடியோவிலும் 30 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள லோ பேண்ட் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் அண்டையில் யாராவது இன்னும் அதில் இருந்தால் அவர்களுக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

வாங்குபவர்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் உண்டு. மல்டிபேண்ட் என்றால் எல்லா பேண்டையும் ஒரே நேரத்தில் கேட்கலாம் என்று அர்த்தமில்லை. ரேடியோ ஒரு நேரத்தில் ஒரு சேனலில்தான் இருக்கும், மற்றதெல்லாம் ஸ்கேன், அதாவது சேனல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது. மாநில ட்ரங்க்கிங் சிஸ்டத்தையும் விஎச்எஃப் அனலாக் சேனலையும் ஒரே ஸ்கேன் பட்டியலில் போட்டால் சுற்றி வர நேரமாகும், அதற்குள் யாரோ சொன்ன வாக்கியத்தின் முதல் பாதி போய்விடும். "பின்வாங்குங்கள்" என்ற உத்தரவின் முதல் பாதி போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் டெமோவுக்கு வரும் ரேடியோவில் உங்கள் நிஜமான ஸ்கேன் பட்டியலைப் போட்டுத்தான் சோதிக்க வேண்டும், விற்பனையாளர் கொண்டுவரும் இரண்டு சேனல் வைத்து அல்ல. நெருப்புக்குள் போகிறவர் ஸ்கேனை அணைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதை ஒரே ஸ்விட்சில் செய்ய முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பேண்ட் இருந்தால் மட்டும் பேச முடியாது. பக்கத்து மாநில ட்ரங்க்கிங் சிஸ்டத்தில் நுழைய அவர்கள் உங்கள் ரேடியோவுக்கு ஐடி கொடுக்க வேண்டும், அதில் ப்ரோக்ராம் செய்ய சிஸ்டம் கீ என்ற டிஜிட்டல் சாவி வேண்டும், எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், ஆர்டர் கொடுக்கும் முன்பே கடிதம் போய்விட வேண்டும். அனுமதி எதுவும் வராவிட்டாலும் தேசிய பொதுச் சேனல்கள் இருக்கின்றன, அவற்றையாவது எல்லா ரேடியோவிலும் ஒரே ஜோனில் (சேனல் தொகுப்பில்), ஒரே வரிசையில் போட்டு வையுங்கள்: விஎச்எஃபில் விகால்10 என்பது 155.7525 மெகாஹெர்ட்ஸ், தீயணைப்புக்கான விஃபயர்21 என்பது 154.280, யுஎச்எஃபில் யுகால்40 என்பது 453.2125, 800ல் 8கால்90 என்பது 851.0125. அமெரிக்க அரசு அமைப்பான சிசா வெளியிடும் நிஃபாக் என்ற பாக்கெட் புத்தகத்தில் முழுப் பட்டியலும், சேனலைத் திறக்கப் பேச்சோடு போகும் டோன்களும் இருக்கின்றன. பெயரைக்கூட அந்தப் புத்தகத்தில் உள்ளபடியே போடுங்கள், உங்கள் ஊர்ச் செல்லப்பெயர் வெளியூரிலிருந்து வருகிறவருக்குத் தெரியாது.

இனி ரேடியோவைக் கையில் எடுக்கலாம். முதலில் ஆன்டெனாவைப் பாருங்கள். மல்டிபேண்டில் எல்லாரும் சமரசம் செய்துகொள்ளும் இடம் அதுதான். 155 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் கிட்டத்தட்ட 48 செ.மீ., 450ல் 16 செ.மீ. சொச்சம், 800ல் 9 செ.மீ.தான். இந்த மூன்றையும் ஒரு சாண் அளவே உள்ள ஒரே குச்சியில் அடக்க வேண்டும், போதாததற்கு ஜிபிஎஸ்ஸும் அதிலேயே. அடி வாங்குவது பெரும்பாலும் விஎச்எஃப்தான். விஎச்எஃபில் ஐந்து, ஆறு வாட் என்று அட்டவணையில் இருக்கும், 700/800ல் மூன்று வாட் அளவில் இருக்கும், ஆனால் அந்த வாட் ஆன்டெனாவுக்குள் போன பிறகு எவ்வளவு காற்றில் போகிறது என்று அட்டவணை சொல்லாது. உங்கள் பழைய ஒரு பேண்ட் விஎச்எஃப் ரேடியோவையும் புதியதையும் எடுத்துக்கொண்டு, வழக்கமாகச் சிக்னல் தடுமாறும் பள்ளத்தாக்கிலோ கட்டிட அடித்தளத்திலோ நின்று மாற்றி மாற்றிப் பேசிப் பாருங்கள். பழையதுக்குக் கேட்டு புதியதுக்குக் கேட்கவில்லை என்றால், நீளமான ஆன்டெனா தனியாக உண்டா என்று கேளுங்கள்.

ஒலிச் சோதனைக்கு ஒரு நாளை முழுசாக ஒதுக்குங்கள், மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். பி25 பேச்சை அப்படியே அனுப்புவதில்லை, வோகோடர் என்ற பகுதி மனிதக் குரலின் மாதிரியாக அதைச் சுருக்கி அனுப்புகிறது. பின்னணியில் பெரிய சத்தம் இருந்தால் வோகோடர் குழம்பி, குரலையே கரகரப்பாக்கி விழுங்கிவிடும். ஆள் அசையாமல் கிடந்தால் அலறும் பாஸ் அலாரம், செயின்சா, பம்ப், இதெல்லாம் ஒலிக்கும்போது டிஜிட்டலில் பேசினால் புரியவில்லை என்று வீரர்கள் சொல்லத்தொடங்கி, தீயணைப்புத் தலைவர்கள் சங்கம் 2007ல் இதற்கென்றே ஒரு குழு அமைத்தது, பிறகு ஆய்வகச் சோதனைகளும் நடந்தன. இப்போதைய ரேடியோக்களில் இரண்டு மூன்று மைக் வைத்துச் சத்தத்தைக் கழிக்கிறார்கள், நிறையவே முன்னேறியிருக்கிறது. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு, அது காதால் கேட்டால்தான் தெரியும்.

சோதிப்பது இப்படி. ஒருவர் முழு உடுப்பு, மூச்சுக்கருவி முகமூடி, கையுறை எல்லாம் போட்டுக்கொள்ளட்டும். ரேடியோ வழக்கமாக எங்கே இருக்குமோ அங்கேயே, தோள்பட்டையில் மாட்டும் ஸ்பீக்கர் மைக்கோடு. பக்கத்தில் செயின்சா ஓடட்டும், பாஸ் அலாரத்தைத் தட்டிவிடுங்கள். அவர் ஒரு தாளிலிருந்து வீட்டு எண்கள், தெருப் பெயர்கள், "இரண்டாவது மாடி, பின்பக்கம், ஒரு ஆள்" மாதிரி வாக்கியங்களைப் படிக்கட்டும். தாளைப் பார்க்காத இன்னொருவர் தூரத்தில் கட்டிடத்துக்குள் உட்கார்ந்து கேட்டதை எழுதட்டும். அப்புறம் இரண்டு தாளையும் ஒப்பிடுங்கள். இந்தத் துறையில் பேச்சு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதற்கு டிஏக்யூ என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். பொதுப் பாதுகாப்பு சிஸ்டங்களை வழக்கமாக 3.4க்கு வடிவமைப்பார்கள், அதாவது அபூர்வமாகத்தான் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் தாளில் நாலுக்கு ஒன்று தப்பாக இருந்தால் நீங்கள் அந்த அளவுக்குப் பக்கத்திலேயே இல்லை. எல்லா மாடலையும் ஒரே ஆள், ஒரே இடம், ஒரே செயின்சா வைத்துச் சோதியுங்கள், இல்லாவிட்டால் ஒப்பீடே கெட்டுவிடும். டிஜிட்டல் ட்ரங்க்கிங்கில் ஒரு சுற்று, டவர் இல்லாமல் ரேடியோவுக்கு ரேடியோ பேசும் விஎச்எஃப் அனலாக் நேரடிச் சேனலில் ஒரு சுற்று. பல தீயணைப்புத் துறைகள் எரியும் கட்டிடத்துக்குள் போகிறவர்களை வேண்டுமென்றே அனலாக் நேரடிச் சேனலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது: டவர் போனாலும் வாசலில் நிற்கும் தலைவருக்கு உள்ளே இருப்பவர் குரல் கேட்கும். மல்டிபேண்டால் கிடைக்கும் மிகப் பெரிய நன்மையே அதுதான் என்பேன், ட்ரங்க்கிங்குக்கும் நேரடிச் சேனலுக்கும் தனித்தனி ரேடியோ சுமக்க வேண்டாம்.

முழு உடுப்பில் இருக்கும்போதே குமிழ்களையும் பட்டன்களையும் பார்த்துவிடுங்கள். ஈரக் கையுறையோடு, புகையில் கண் தெரியாமல், ஒலி அளவுக் குமிழையும் சேனல் குமிழையும் குழப்பாமல் திருப்ப முடிகிறதா? சேனல் பெயரை ரேடியோவே குரலில் சொல்கிறதா? அவசர ஆரஞ்சு பட்டனைக் கையுறையோடு அமுக்க முடிகிறதா, உட்காரும்போது தானாக அமுங்கிவிடாமலும் இருக்கிறதா? அந்தப் பட்டனைப் பற்றி இன்னும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது, பேண்ட் மாறினால் அது என்ன செய்யும்? ட்ரங்க்கிங்கில் அமுக்கினால் டிஸ்பேட்ச் (கட்டுப்பாட்டு அறை) திரையில் உங்கள் ஐடி சிவப்பில் வரும். ஃபாரஸ்ட் சர்வீஸின் அனலாக் ரிப்பீட்டரில் (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையத்தில்) இருக்கும்போது அமுக்கினால், மறுமுனையில் அதைப் படிக்கும் கருவி இல்லை என்றால், யாருக்கும் ஒன்றும் தெரியாது. அப்படியான சேனல்களில் இருக்கும்போது அவசர பட்டன் ட்ரங்க்கிங்கில் உங்கள் சொந்த டாக்குரூப்புக்கு (பேச்சுக் குழுவுக்கு) தாவ வேண்டுமா, இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டுமா என்பதை ஒவ்வொரு ஜோனுக்கும் முடிவு செய்து, ரேடியோ அதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள், வீரர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

சூடு. தண்ணீர் புகாது என்ற ஐபி68, ராணுவத் தரம் என்ற எழுத்துகள் எல்லாம் எல்லாக் கம்பெனிக்கும் இருக்கின்றன, அவை நெருப்புக்குப் போதாது. அமெரிக்கத் தர ஆய்வகமான நிஸ்ட் சோதித்தபோது 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெறுமனே வைத்த ரேடியோக்கள் 15 நிமிடத்துக்குள்ளேயே வேலை நிறுத்தின அல்லது அலைவரிசை விலகின. இதற்குப் பிறகுதான் அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏவின் 1802 என்ற தரம் எழுதப்பட்டது, அதன் முதல் பதிப்பு 2021. நெருப்புக்குள் போகிறவர்களுக்கு வாங்கினால் ரேடியோவும் ஸ்பீக்கர் மைக்கும் அந்தத் தரத்தில் சான்று பெற்றவையா என்று கேளுங்கள், "அதற்கேற்ப வடிவமைத்தது" என்ற பதிலை ஏற்க வேண்டாம், சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். எரிந்து போவது பெரும்பாலும் ரேடியோவைவிட மைக் வயர்தான் என்பதால் அதன் உறையும், வயர் அறுந்தால் ரேடியோ என்ன செய்கிறது என்பதும் முக்கியம். போலீசுக்கும் ஆம்புலன்ஸுக்கும் இந்த அளவு வேண்டாம், அங்கே எடை குறைவானது நல்லது. எரிவாயு கசியும் இடங்களுக்குப் போகிறவர்கள் ரேடியோவின் பொறியால் வெடிக்காது என்று காட்டும் டிஐஏ-4950 முத்திரையைப் பாருங்கள், ரேடியோவில் மட்டுமல்ல, பேட்டரியிலும் இருக்க வேண்டும். மலிவான வேறு பேட்டரியை மாட்டினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

பேட்டரி மணிக்கணக்கைக் கம்பெனிகள் 5-5-90 என்ற கணக்கில் சொல்கின்றன: நூற்றுக்கு 5 பங்கு பேச்சு, 5 பங்கு கேட்பு, மீதி சும்மா. காட்டுத்தீயில் நாள் முழுக்க ரேடியோ பேசிக்கொண்டேதான் இருக்கும், அதில் ஜிபிஎஸ், வைஃபை எல்லாம் ஓடினால் சொன்னதில் பாதிகூட வராமல் போகலாம். அங்கே வேலை செய்கிறவர்கள் சாதாரண ஏஏ பேட்டரி போடும் பெட்டி உண்டா என்று முதலில் கேட்பார்கள், ஏனென்றால் தீ முகாமில் சார்ஜர் கிடைக்காவிட்டாலும் ஏஏ பேட்டரி பெட்டி பெட்டியாகக் கிடைக்கும். அதேபோல முகாமில் காலையில் கொடுக்கும் புதிய அலைவரிசைகளை லேப்டாப் இல்லாமல் ரேடியோவிலேயே போட முடியுமா, ரிப்பீட்டர் டோனை அங்கேயே மாற்ற முடியுமா என்பதும். இந்த வசதி எல்லா மாடலிலும், எல்லா வாடிக்கையாளருக்கும் கிடைக்காது.

மாடல்களைப் பற்றிக் கேட்பீர்கள். மோட்டோரோலாவின் ஏபிஎக்ஸ் 8000 பரவலாகப் புழக்கத்தில் இருப்பது, ஊரில் யாராவது அதை ப்ரோக்ராம் செய்யத் தெரிந்தவர் இருப்பார், அந்த ஒரு காரணமே பெரிய பலம். ஏபிஎக்ஸ் நெக்ஸ்ட் அதில் எல்டிஇ (செல்போன் வலை) சேர்ந்த புதிய தலைமுறை. எல்3ஹாரிஸின் எக்ஸ்எல்-200பி கைக்கு அடக்கமானது, போலீஸ், ஆம்புலன்ஸ்காரர்களுக்குப் பொருந்தும். நெருப்புக்கென்று எக்ஸ்எல் எக்ஸ்ட்ரீம் 400பி தனியாக இருக்கிறது. ஜேவிசி கென்வுட் குடும்பத்தின் வைக்கிங் விபி8000ஐ பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம், போட்டிக்கு ஒரு ஆள் இருந்தால் மற்றவர்கள் விலையும் இறங்கும். பிகே டெக்னாலஜிஸ் காட்டுத்தீக்காரர்களிடம் நெடுநாள் பெயர் எடுத்த கம்பெனி, அவர்களுடைய மல்டிபேண்ட் பிகேஆர் 9000 2023ல் வந்தது. காட்டு வேலைதான் உங்களுக்கு அதிகம் என்றால் அதை டெமோவில் கட்டாயம் சேருங்கள். ஒவ்வொருவருக்கும் தனி ப்ரோக்ராமிங் மென்பொருள், ஹாரிஸுக்கு ஆர்பிஎம்2, விபி8000க்கு ஆர்மடா என்று. இரண்டு கம்பெனி ரேடியோ கலந்து வைத்தால் உங்கள் ஆள் இரண்டையும் கற்க வேண்டும்.

எல்டிஇ வசதிக்குத் தனியாக மாதக் கட்டணம் உண்டு. டவருக்கு வெளியே போனதும் அவசர சேவைகளுக்கான ஃபர்ஸ்ட்நெட் மாதிரியான செல் வலையில் பேச்சு தானாக மாறிப் போவது, தொலைவிலிருந்தே ப்ரோக்ராம் செய்வது எல்லாம் உபயோகமானவைதான். ஆனால் ரேடியோ சிக்னலே இல்லாத மலைப்பக்கத்தில் பல நேரம் செல் சிக்னலும் இருக்காது. கையில் காசு குறைவு என்றால் இதை விட்டுவிட்டு அந்தப் பணத்தில் கூடுதல் பேட்டரி வாங்குங்கள்.

பேச்சை வெளியார் கேட்காமல் மறைக்கும் என்கிரிப்ஷனில், பொதுத் தரமான ஏஇஎஸ்-256ஐத் தவிர வேறு எதையும் நம்பி வாங்க வேண்டாம். இலவசமாகத் தருகிறோம் என்று ஒரு கம்பெனியின் சொந்த என்கிரிப்ஷனைத் தருவார்கள், அதை மற்றக் கம்பெனி ரேடியோவில் கேட்க முடியாமல் போகலாம், மத்திய அரசு மானியத்துக்கும் அது இடைஞ்சல். மானியத்தில் வாங்குவதாக இருந்தால் அந்த மாடல், அந்த ஃபர்ம்வேரோடு பி25 தரத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்த ரேடியோக்களின் பி25 கேப் பட்டியலில் இருக்கிறதா என்று விண்ணப்பத்துக்கு முன்பே பாருங்கள்.

விலை கேட்கும்போது ஒரு ரேடியோவின் விலையைக் கேட்காதீர்கள். ரேடியோ, இரண்டு பேட்டரி, சார்ஜர், ஸ்பீக்கர் மைக், தோல் பட்டை, திறந்த பேண்டுகள், ட்ரங்க்கிங், பி25 ஃபேஸ் 2 (ஒரே சேனலில் இரண்டு பேச்சு), ஏஇஎஸ், ப்ரோக்ராமிங் மென்பொருள், ஐந்து வருட வாரண்டி என்று எல்லாரிடமும் ஒரே பட்டியலைக் கொடுத்து அதற்கு விலை வாங்குங்கள், அப்போதுதான் யாரிடம் எது மறைந்திருக்கிறது என்று தெரியும். பிறகு திறக்கப்போகும் பேண்டின் விலையையும், ரிப்பேருக்கு அனுப்பினால் மாற்று ரேடியோ எத்தனை நாளில் வரும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். டெமோ ரேடியோக்களைக் குறைந்தது ஒரு மாதமாவது ஷிப்டில் இருப்பவர்களிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் எழுதித் தரும் குறைகளை விற்பனையாளர் சரிசெய்து காட்டிய பிறகு ஆர்டர் போடுங்கள்.